வாழைத்தோப்புல அத்தை: பத்து மாசம் இழுத்த ஒரு ஆயில் பெயிண்டிங்

முடிஞ்சிருச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா கையெழுத்து போட்டாச்சு, அதனால மறக்குறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். படம் 24க்கு 36 இன்ச், காட்டன் கான்வாஸ். திருச்சிக்கு மேக்க ஜீயபுரம் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால ஒட்டி எங்க அத்தைக்கு ஒரு வாழைத்தோட்டம் இருக்கு, அங்க படியில உக்காந்து காலைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு எங்கயோ பாத்துட்டு இருக்காங்க, அம்புட்டுதான் படம். அரக்கு கலர் நூல் சேலை. மேல வாழை எலை, பின்னாடி வாழை, பக்கத்துல வாழை. இதுக்குப் பத்து மாசமான்னு வீட்டுல கேட்டாங்க, கேக்கத்தான் செய்வாங்க.

எனக்கு இது பிழைப்பு இல்ல. பதினஞ்சு வயசுல ஒரு சினிமா பேனர் கடையில எடுபிடியா இருந்தேன், பிரஷ் கழுவுறது, கட்டம் போடுறது, ஹீரோ சட்டைக்கு அடி கலர் அடிக்கிறது, அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலே படுத்துருச்சு. இப்ப வேற வேலை. ஞாயித்துக்கிழமையும் ராத்திரியும்தான் பெயிண்டிங்.

போன தை மாசம் ஆரம்பிச்சேன். அவசரம் என்னன்னா வழக்கமா ஜனவரி 28 வாக்குல மேட்டூர்ல தண்ணிய நிறுத்திடுவாங்க, அதுக்கப்புறம் வாய்க்கால்ல தண்ணி கொறைஞ்சு படி மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குள்ள போட்டோவும் எடுக்கணும், நேர்ல உக்காந்து சின்னதா கலர் ஸ்டடியும் பண்ணணும். அத்தைகிட்ட சொன்னதும் "ஏன் மாப்ள, ஊர்ல சின்னப் பொண்ணுங்களே இல்லையா, என்னைய போயி வரையிறேங்கிற"ன்னு சிரிச்சாங்க, ஆனா மறுநாள் காலையில தலைக்குக் குளிச்சு பூ வச்சு பட்டுச்சேலையோட வந்து நின்னாங்க. பட்டு வேணாம் அத்தை, தோட்டத்துக்கு வரப்ப கட்டுறதையே கட்டிக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் கோவம்தான் அவங்களுக்கு.

போட்டோ எடுத்தது போன்லதான். இதுல ஒரு விஷயம், எலை நெழல்ல எடுக்குற போட்டோவ அப்படியே நம்பாதீங்க. போன் தானாவே வெள்ளைய சரி பண்ணுறேன்னு நெழல்ல இருக்குற பச்சைய தொடச்சு எடுத்துரும், வெயில் பட்ட இடத்த வெளுத்துரும், இருட்ட ஒரே கருப்பாக்கிரும். நேர்ல பாத்தா அத்தையோட தாடைக்குக் கீழ நல்லாவே பச்சை இருந்துச்சு, போட்டோல அந்த இடம் சும்மா பழுப்பு. அதனால 8க்கு 10 இன்ச் போர்டு நாலு எடுத்துட்டுப் போய் நாலு நாள் காலையில ஒம்பதரைலேர்ந்து பத்தேகால் வரைக்கும் நேர்ல கலர் மட்டும் போட்டேன். முக்கா மணி நேரத்துக்கு மேல ஒரே வெளிச்சம் நிக்காது, புள்ளியெல்லாம் நகந்துரும். மூக்கு முழியெல்லாம் போடல, வெறும் கலர்த் திட்டு. இந்த நாலு போர்டையும் கொண்டாந்து வீட்டு அலமாரி மேல வச்சுட்டு, அப்புறம் ஆறு மாசம் அத திரும்பிக்கூடப் பாக்காம வேலை செஞ்சேன் பாருங்க, அதான் இந்தக் கதையோட கோளாறு.

கான்வாஸ் வேலைய சுருக்கமா சொல்லிடுறேன். ஜெஸ்ஸோ, அதாவது பெயிண்ட் புடிக்கிறதுக்கு அடியில பூசுற வெள்ளைப் பூச்சு, மூணு கோட்டு, ஒவ்வொண்ணு காஞ்சதுக்கப்புறமும் 220 நம்பர் உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சேன். அதுக்கு மேல பழைய பேனர் கடை முறையில கட்டம் போட்டு படத்த ஏத்தினேன், போட்டோல 12 கட்டம்னா கான்வாஸ்ல 12 கட்டம், கட்டத்துக்குக் கட்டம் பாத்து கரிக்கட்டியில கோடு. புரொஜெக்டர் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா கட்டம் போட்டா கண்ணு ஒவ்வொரு எடத்துலயும் நின்னு பாக்கும், எனக்கு அது புடிச்சிருக்கு. அப்புறம் பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பு கலர நிறைய டர்பன்டைன்ல கரைச்சு வெளிச்சம் நெழல் மட்டும் போட்டு, வெளிச்சம் வேணுங்கிற எடத்த துணியால தொடச்சு எடுத்தேன். அம்பர்ல மாங்கனீசு இருக்குறதால சீக்கிரம் காஞ்சிரும், ரெண்டு நாள்ல கை வைக்கலாம். அடில எண்ணெய் கம்மி, மேல போகப்போக எண்ணெய் ஜாஸ்தி, இந்த ஒரு விதிய மட்டும் மீறக்கூடாது, மாத்திப் பண்ணா மேல் பூச்சு முதல்ல காஞ்சு அடி அப்புறம் அசையும், வெடிப்பு விடும்.

இது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

மார்ச்சுலயும் ஏப்ரல்லயும் அத்தைய மட்டும் வரைஞ்சேன். பின்னாடி பழுப்பு அடி அப்படியே கெடக்கு, நடுவுல அத்தை மட்டும் முழு கலர்ல. உடம்புக்கு ஆண்டர்ஸ் சோர்ன் முறை. சோர்ன்னா 1860லேர்ந்து 1920 வரைக்கும் இருந்த ஸ்வீடன் ஓவியர், ஏரிக்கரையிலயும் பாறைமேலயும் குளிக்கிற பொண்ணுங்கள வரைஞ்சவர், வெள்ளை, எல்லோ ஆக்கர்ங்கிற மண் மஞ்சள், வெர்மிலியன்ங்கிற சிவப்பு, ஐவரி பிளாக்ங்கிற கருப்பு, இந்த நாலு கலர் தட்டுக்கே அவர் பேர்தான். வெர்மிலியனுக்குப் பதிலா நான் காட்மியம் ரெட் வச்சுக்கிட்டேன். அத்தைக்கு நல்ல கறுப்பு நிறம், அதுக்கு பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு ஒண்ண சேத்துக்கிட்டேன். முகம் நல்லா வந்துச்சு, நானே மெச்சிக்கிட்டேன்.

மே மாசம் பின்னணி. இதுக்கு புதுசா பச்சை டியூப் மூணு வாங்கினேன், விரிடியன், சாப் கிரீன், இன்னொண்ணு பேரே வாழை எலை மாதிரி பளபளன்னு ஒரு பச்சை. எலை எலையா வரைஞ்சேன், நரம்பு முதக்கொண்டு. ஜூன் கடைசில தள்ளி நின்னு பாக்குறேன், வயித்தக் கலக்கிருச்சு. அந்தக் காலத்து ஸ்டுடியோவுல பின்னாடி சீனரி துணியக் கட்டி முன்னாடி ஸ்டூல போட்டு எடுப்பாங்கல்ல போட்டோ, அச்சு அசல் அது. அத்தை தனி, தோப்பு தனி. என் பொண்ணு வந்து பாத்துட்டு "பாட்டிய வெட்டி ஒட்டியிருக்கியாப்பா"ன்னா. கொழந்த ஒண்ணும் தப்பா சொல்லல.

முதல்ல ஓரம்தான் பிரச்சனைன்னு நெனச்சேன். உருவத்தச் சுத்தி கத்தி மாதிரி விளிம்பு இருக்கு, அத மெதுவாக்குனா ஒட்டிக்கும்னு காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு மங்க வச்சேன். இப்ப வெட்டி ஒட்டின பாட்டி கொஞ்சம் பனியில நிக்கிற மாதிரி ஆச்சு. அவ்ளோதான் வித்தியாசம்.

ஒரு மாசம் சுவத்தப் பாத்து திருப்பி வச்சுட்டேன். ஜூலை கடைசில அலமாரி துடைக்கிறப்ப அந்த நாலு போர்டு கையில பட்டுச்சு. பெரிய படத்துக்குப் பக்கத்துல வச்சு பாத்தேன், அப்பதான் மண்டையில ஏறுச்சு. போர்டுல மூக்கும் இல்ல முழியும் இல்ல, ஆனா அத்தை தோப்புக்குள்ள உக்காந்திருக்காங்க. ஏன்னா அங்க நான் ஒரே தட்டுல, ஒரே அழுக்கு பிரஷ்ல, எலையையும் தோளையும் மாத்தி மாத்தி போட்டிருக்கேன். பெரிய படத்துல உடம்புக்கு ஒரு தட்டு, எலைக்கு வேற தட்டு, ரெண்டுக்கும் வெள்ளையத் தவிர பொதுவா ஒரு கலர் கெடையாது. எப்படி ஒட்டும்?

இன்னொண்ணும் இருக்கு. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில படிச்ச ஓவியர் இளையராஜா, 2021ல கொரோனாவுல போயிட்டாரே, அவரோட படங்கள பாத்துப் பாத்துதான் எனக்கு கறுப்புத் தோல வரையிற ஆசையே வந்துச்சு. அவர் பொண்ணுங்க நெறைய பேர் வீட்டுக்குள்ள, ஜன்னலோரம், வாசப்படி, ஒரு பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வந்து மறுபக்கம் இருட்டு. அது மனசுல ஒக்காந்துட்டதால நான் வெட்டவெளித் தோப்புல உக்காந்திருக்கவங்களுக்கும் ஜன்னல் வெளிச்சத்த குடுத்துட்டேன். தோப்புக்குள்ள அப்படி ஒரு பக்க வெளிச்சமே கெடையாது. மேலேர்ந்து வானத்து நீலம் வருது, எலைய ஊடுருவிக்கிட்டு மஞ்சப்பச்சை வருது, கீழ செம்மண் தண்ணிலேர்ந்து காவி ஏறுது, நடுவுல அங்கங்க நேர் வெயில். நாலு பக்கமும் நாலு கலர் வெளிச்சம். ரவி வர்மா படங்கள்லயும் எனக்கு இது தோணும், காட்டுக்குள்ள நிக்கிற சகுந்தலைக்கு ஸ்டுடியோ வெளிச்சம் விழுந்த மாதிரி. ஆனா அவர் செஞ்சா அது நாடகம், நான் செஞ்சா தப்பு.

சரி, சரி பண்ணுன கதைக்கு வரேன்.

முதல்ல சுரண்டல். தடியா பூசின எலையெல்லாம் பேலட் நைஃப் வச்சு சீவினேன், ஒரு எடத்துல கான்வாஸ் வரைக்கும் போயிருச்சு, ஜெஸ்ஸோ தொட்டு சரி பண்ணேன். காஞ்ச பெயிண்ட்ட உப்புத்தாள் வச்சு வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீங்க, காட்மியம் இருக்குற தூசி மூக்குக்குள்ள போனா நல்லதில்ல, நான் முகமூடி போட்டு தண்ணி தொட்டு தேய்ச்சு, ஈரத்துணியால வழிச்சு எடுத்தேன். அப்புறம் லின்சீட் ஆயில்ல பாதி டர்பன்டைன் கலந்து ரொம்ப மெல்லிசா தடவி, உபரிய தொடச்சு எடுத்தேன். அங்கங்க எண்ணெய அடி உறிஞ்சி சாம்பல் பூத்தாப்புல மங்கிக் கெடந்த எடமெல்லாம் திரும்ப முழிச்சுக்கிச்சு. அப்பதான் நெசமான கலர் என்னன்னே தெரியும், அத தெரிஞ்சுக்காம மேல கலர் பொருத்தக்கூடாது.

அந்தத் துணியப் பத்தி ஒரு வார்த்தை. லின்சீட் எண்ணெய் ஆவியாகி காயறதில்ல, காத்துல இருக்குற ஆக்சிஜன எடுத்துக்கிட்டு இறுகுது, அப்ப சூடு கெளம்பும். எண்ணெய்த் துணிய உருட்டி குப்பைக்கூடையில போட்டா அதுவா தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயப் போடுங்க இல்ல தண்ணியில ஊறப் போடுங்க. நான் மாடிக் கைப்பிடிச் சுவத்துல விரிச்சு வைப்பேன், காக்கா ஒண்ணு தூக்கிட்டுப் போச்சு ஒருநாள்.

பச்சை டியூப் மூணையும் எடுத்து உள்ள வச்சாச்சு. புதுத் தட்டு: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஆக்கர், லெமன் எல்லோ, பர்ன்ட் சியன்னா, அலிசரின் சாயல்ல ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம். பச்சை எல்லாமே இதுலேர்ந்து கலக்குறது. உடம்பு நெழலுக்கு சியன்னாவும் அல்ட்ராமரினும், எலை நெழலுக்கும் அதே அல்ட்ராமரின்ல ஆக்கர், கூட துளி சியன்னா. டியூப் வாங்குறப்ப பேர பாக்காதீங்க, பின்னாடி பொடி எழுத்துல இருக்குற பிக்மென்ட் நம்பர பாருங்க, அல்ட்ராமரின்னா பி.பி. 29, எந்தக் கம்பெனியா இருந்தாலும் அதே சரக்கு. பேருக்குப் பின்னாடி 'ஹியூ'ன்னு போட்டிருந்தா வேற சரக்க வச்சு அந்த கலர் மாதிரி பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். என்னோட அந்த பளபள பச்சைல நம்பரே இல்ல, ஜன்னல்ல தடவி வச்ச துண்டு ரெண்டு மாசத்துல பாதி வெளுத்துருச்சு, நல்லவேளை சுரண்டிட்டேன்.

சேலைதான் பெரிய பாடம். அரக்கு சேலைய நான் படம் பூரா அரக்காவே போட்டிருந்தேன், சேலைன்னா அது அந்த கலர்தானேன்னு. ஆனா எலைய ஊடுருவி வர்ற வெளிச்சத்துல சிவப்பு ரொம்ப கம்மி, எலை அத தின்னுட்டு மிச்சத்ததான் கீழ விடுது. சிவப்பே இல்லாத வெளிச்சத்துல சிவப்புச் சேலை எத திருப்பிக் குடுக்கும்? கருத்துப்போய் கருப்பட்டி கலர்ல நிக்கும். போர்டுல பாத்தா நானே அப்படித்தான் போட்டிருக்கேன், யோசிக்காம, கண்ணு சொன்னத கை போட்டிருக்கு. ஆக, முக்காவாசி சேலைய இருட்டுப் பழுப்பாக்கிட்டு, வெயில் கீத்து விழுந்த மூணு எடத்துல மட்டும் சிவப்ப விட்டேன். சிவப்ப கொறைச்சதும்தான் சேலை சிவப்பாத் தெரிய ஆரம்பிச்சுது.

வெயில் புள்ளியும் தப்பாத்தான் இருந்துச்சு. நான் வழக்கமா மரத்தடின்னா வட்ட வட்டமா போட்டு வைப்பேன். வேப்பமரத்தடியில அது சரி, எலை இடுக்குல இருக்குற சின்ன ஓட்டை எந்த வடிவமா இருந்தாலும் கீழ விழுறது சூரியனோட பிம்பம், அதான் வட்டமா இருக்கு. 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தப்ப எங்க தெரு வேப்பமரத்தடி பூரா வளையல் வளையலா கொட்டிக் கெடந்துச்சு, திருச்சிக்காரங்க நெறைய பேர் பாத்திருப்பீங்க. பத்தடி உயரத்துல ஓட்டைன்னா புள்ளி ஒரு இன்ச்சுக்கு கொஞ்சம் கூட இருக்கும், அதுவும் கணக்குதான். ஆனா வாழை எலை காத்துல கிழிஞ்சு நாடா நாடாவாத் தொங்கும், இடைவெளி ஓட்டையா இல்ல, நீளக் கீறலா இருக்கும். அதனால அத்தை தோள்ல விழுறது வட்டம் இல்ல, முனை மழுங்கின பட்டை, ஓரம் ஒரு இன்ச் அளவுக்கு மெதுவாக் கரையுது. வட்டத்தையெல்லாம் அழிச்சு பட்டையாக்கினதும் மேல இருக்குறது வாழைதான்னு எலைய வரையாமலே தெரிஞ்சுது. நரம்பு நரம்பா ஒரு மாசம் வரைஞ்சது வீண்.

தோலுக்கு வருவோம். கறுப்புத் தோல்ல வெளிச்சம் ஏத்தணும்னு வெள்ளையக் கலந்தா விபூதி பூசினாப்புல ஆயிரும், முதல் தடவை கன்னத்துல அதான் ஆச்சு. ஏத்துறத ஆக்கர், சியன்னா, ரொம்ப வேணும்னா கொஞ்சம் ஆரஞ்ச வச்சு ஏத்தணும். வெள்ளைய மினுமினுப்புக்கு மட்டும் வச்சுக்கணும். அந்த மினுமினுப்பு தோலோட கலர் கெடையாது, தோல் மேல இருக்குற எண்ணெயும் வேர்வையும் வானத்த அப்படியே காட்டுறது, அதனால தோள்பட்ட மேல விழுற ஷைனுக்கு வெள்ளையோட துளி அல்ட்ராமரின். கறுப்புத் தோல்ல இந்த நீலம் எடுப்பாத் தெரியும், அதுதான் அதோட அழகே. தாடைக்குக் கீழயும் மேல்கையோட உள்பக்கமும் பச்சை. பயந்து பயந்து போட்டேன், கிட்டப் போய் பாத்தா காயம் பட்டு கன்னிப்போன மாதிரி இருக்கு, எட்டடி தள்ளி வந்தா காணோம், நெழல்தான் தெரியுது. பேனர் கடையில ஹீரோ கன்னத்துல பச்சையும் ஊதாவும் அள்ளி அப்புவாங்க, கிட்டக்க நின்னு கலர் கொழச்சுக் குடுத்த எனக்கு அப்ப அது ஏன்னே புரியல, சரக்கு மிச்சமாகுதுன்னு அப்புறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஓரத்துக்கு கடைசியாத்தான் வந்தேன். கலர் சரியானதும் பாதி ஓரம் தானா கரைஞ்சிருச்சு. முதுகுப் பக்கம் சேலையும் வாழைத்தண்டு நெழலும் ஒரே இருட்டு, அங்க கோடே விடல, ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு. கூர்மையா விட்டது மூக்கு நுனி, வெயில் பட்ட முட்டி, சேலைக்கரை ஒரு முழம். தண்ணிக்குள்ள கால் கணுக்காலுக்குக் கீழ நாலு விரக்கடைக்கு மேல தெரியாது, வண்டல் தண்ணி, டீ கலர். பிம்பத்துல வெளிச்சமான எலைய ஒரு படி கருக்கி, கருப்பான சேலைய ஒரு படி வெளுக்க வச்சேன், வண்டல் இருட்ட அப்படியே காட்ட விடாது.

அக்டோபர் வந்து மழை புடிச்சிருச்சு. ஈரக்காத்துல எதுவும் காயல, கருப்புக் கலந்த எடம் பதினொரு நாள் ஒட்டுச்சு. ஒரு ராத்திரி ஜன்னல் சாத்த மறந்து லைட்ட போட்டு வச்சுட்டேன், ஈசல் கூட்டம் வந்து ஈரப் பெயிண்ட்டுல அப்பிக்கிச்சு. புருவம் புடுங்குற இடுக்கி வச்சு ஒண்ணொண்ணா எடுத்தேன், காத்துல தொங்குற எலை மேல ஒரு றெக்க மட்டும் வரல, அது மேலயே பூசிட்டேன், இருந்துட்டுப் போகட்டும். கான்வாஸ் பின்பக்கம் வெள்ளையா பூஞ்சை கட்ட ஆரம்பிச்சது, காஞ்ச துணியால தொடச்சு சுவத்துலேர்ந்து ஒரு ஜாண் தள்ளி நிறுத்தி ஃபேன் போட்டதும் நின்னுச்சு. வார்னிஷ் இப்ப கெடையாது, குறைஞ்சது ஆறு மாசம் போகணும், உள்ள இன்னும் இறுகிக்கிட்டுத்தான் இருக்கும்.

நவம்பர்ல அத்தை மருந்து வாங்க டவுனுக்கு வந்தவங்க வீட்டுக்கு வந்தாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு கிட்டப் போய் ரொம்ப நேரம் பாத்தாங்க. முகத்தப் பத்தி ஏதாவது சொல்லுவாங்க, பட்டுச்சேலைய வேணாம்னுட்டு இப்படிக் கருப்பா வரைஞ்சிருக்கியேன்னு கேப்பாங்கன்னு நான் பதில் தயார் பண்ணிக்கிட்டு நிக்கிறேன்.

"ஏன் மாப்ள, எடது பக்கம் குலை தள்ளியிருக்கே, அந்த மரத்துக்கு முட்டு எங்க?"

முட்டுக்கம்பு இருந்துச்சு அத்தை, படத்துல குறுக்க வந்து அடைக்கிற மாதிரி இருந்துச்சு, அதான் எடுத்துட்டேன்னேன்.

"எடுத்துட்டியா? ஒரு காத்துக்கு நிக்குமா அது? பாக்குறவன் என்னைய என்ன நெனப்பான், தோட்டத்த போட்டுட்டு தண்ணியில கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்னு நெனக்க மாட்டானா?"

அவங்க போன பெறகு போட்டோவ எடுத்து சவுக்குக் கம்பு எந்தச் சாய்வுல இருந்துச்சுன்னு பாத்து, அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து மேலேர்ந்து கீழ ஒரே இழுப்புல போட்டேன், மேல் முனையில எலை நெழல் படுற எடத்துல மட்டும் கொஞ்சம் பச்சை. எட்டு நாளாச்சு. மழை விடல, தொட்டா இன்னும் கையில ஒட்டுது.